தட்டில் நிற்காத பாண்

தவமலர் தன் நாற்பத்தோராவது வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுட்ட பாண், தகரத்திலிருந்து கவிழ்த்து மேசையில் வைத்த கையோடு, பகல் தூக்கம் கலைந்த ஆளைப்போல ஒரு பக்கம் சரிந்து, பிறகு மற்றப் பக்கம் சரிந்து, அவசரம் எதுவும் இல்லாமல் மேசையை விட்டு எழும்பி, பருப்புச் சட்டியைத் தாண்டி, உறியைத் தாண்டி, குசினியின் விட்டத்தில் போய் முட்டி நின்றது. அவள் பிடித்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். பாணின் அடிப்பக்கம் ஒரே சீராகச் சிவந்திருந்தது. எங்கும் கருகவில்லை. அதுதான் அவள் கண்ணில் முதலில் பட்டது.

அவளுடைய கணவர் கனகலிங்கம் வாசலில் நின்று தானும் அண்ணாந்து பார்த்தார்.

"இப்ப என்ன செய்யப்போறீர்?"

"ஏணியை எடுத்துக்கொண்டு வாங்கோ," என்றாள் தவமலர்.

மாவும் மண்ணெண்ணெயும் ஏற்றிய கப்பல்கள் கரைக்கு வராமல் வெளிக்கடலிலேயே நின்றுவிட்ட வருடம் அது. ஆலடித்துறைச் சந்தியில் இருந்த பேக்கரி முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் திறந்தது, பிறகு திறப்பதை மறந்தது. காலையும் மாலையும் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் வரும் பாண் ஓட்டோவும் நின்றுபோனது. ஆனால் ஊர் நாய்கள் மட்டும் பல கிழமைகளுக்கு, பாட்டு வரும் நேரத்தில் வாசல் படலையடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தன. கனகலிங்கத்தின் லொறி டீசல் இல்லாமல் முற்றத்தில் நின்றது. அந்த நேரத்தில்தான் வீட்டுக்கு ஐந்து கிலோ கோதுமை மா என்று நிவாரணப் பொதி வந்தது. ஊரில் எல்லோரும் ரொட்டி தட்டினார்கள், பிட்டு அவித்தார்கள். தவமலர் பாண் சுடப்போகிறேன் என்றாள்.

"பாண் எண்டது பேக்கரியில போடுறது," என்றார் கனகலிங்கம். "வீட்டில ஆர் பாண் போடுறது? நாளைக்குச் சவுக்காரமும் வீட்டிலயோ காய்ச்சப்போறீர்?"

"ரொட்டியே சுடுங்கோவன் அம்மா," என்றாள் பதினைந்து வயது மகள் சாருகா. "அதுக்கு ஒருத்தரும் சிரிக்கமாட்டினம்."

தவமலர் மாவை அரித்தாள். ரொட்டி அவரவர் பசிக்குச் சுடுவது. பாண் அப்படியல்ல, அதை வெட்ட வேண்டும், வெட்டினால் பங்கு வரும், பங்கு வந்தால் ஒரு பங்கை யாருக்காவது அனுப்பலாம். அப்படி அனுப்புவதற்கு ஒரு சாட்டு அவளுக்கு ஆறு வருடமாக வேண்டியிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் கனகலிங்கத்தின் தம்பி புவனேந்திரனும் அவன் மனைவி விமலாவும் இருந்தார்கள். ஒரு காலத்தில் இரண்டு வளவுக்கும் நடுவே, ஆள் குனிந்து போய்வரக்கூடிய ஒரு பொட்டு வேலியில் இருந்தது. அதனால் கறியும் கதையும் போய்வந்தன. ஆறு வருடத்துக்கு முன்பு விமலாவின் மகள் ஆதிரைக்கு முதல் பல் முளைத்தபோது, விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்போலப் பதித்த பல்லுக்கொழுக்கட்டைகள், நீலக்கரை போட்ட ஒரு எனாமல் தட்டில் அந்தப் பொட்டால் வந்தன. அந்த ஊரில் பண்டம் கொண்டுவந்த தட்டு வெறுமையாகத் திரும்பிப் போவதில்லை. இரண்டு பச்சைமிளகாய், ஒரு தேசிக்காய், ஒரு பிடி சீனி, ஏதாவது ஒன்று அதில் இருக்கும். தவமலர் அன்றைக்குத் தட்டைக் கழுவித் துடைத்து, வெறுமையாகவே கொடுத்துவிட்டாள்.

அப்போது ஆட்களின் லொறி ஓட்டிக்கொண்டிருந்த கனகலிங்கத்துக்கு நாலு மாதமாக வேலை இல்லை. தம்பிக்குத் தெரியக்கூடாது என்று, அவர் தினமும் காலையில் சாப்பாட்டுப் பொதியோடு புறப்பட்டுப் போய்ப் பின்னேரம் திரும்பி வருவார். சில நாட்களில் அந்தப் பொதிக்குள் இருந்தது வெறும் கடதாசிதான். அன்றைக்கு வீட்டில் சீனி இல்லை, மிளகாய் இல்லை, தேசிமரம் காய்க்கும் காலமும் இல்லை. உப்பு இருந்தது. ஒரு குழந்தையின் பல்லுக்கு உப்பை அனுப்புவதா என்று தட்டை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அப்படியே கொடுத்துவிட்டாள்.

"என்ர பிள்ளையின்ர முதல் பல்லுக்கு வெறுந்தட்டோ?" என்று விமலா வேலியடியில் நின்று கத்தினாள். ஏன் வெறுந்தட்டு என்று தவமலரால் சொல்ல முடியவில்லை. சொன்னால் கனகலிங்கத்தின் நாலு மாதமும் வெளியே வந்துவிடும். அவள் பேசாமல் நிற்க நிற்க அது திமிராகத் தெரிந்தது. தட்டு வேலிக்கு மேலால் பறந்து வந்து முற்றத்தில் விழுந்து எனாமல் தெறித்தது. அண்ணனும் தம்பியும் வந்தார்கள், நாலு வார்த்தை தடித்தது, பொழுது சாய்வதற்குள் பொட்டை முள்ளுக்கம்பியால் அடைத்துவிட்டார்கள். தட்டு தவமலரின் குசினியில் தங்கிவிட்டது. அவள் அதை ஒரு நாளும் எதற்கும் எடுத்ததில்லை. தூசு படியவும் விட்டதில்லை.

பாணுக்கு ஈஸ்ட் வேண்டும். கடைகளில் ஈஸ்ட் இல்லை. தவமலர் ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு, பனை சீவிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த மார்க்கண்டுவிடம் போனாள்.

"பெண்டுகள் வந்து கள்ளுக் கேக்கிற காலமும் வந்திட்டுது," என்றார் அவர்.

"குடிக்கேல்லை அண்ணை. பாண் புளிக்க வைக்க."

"எல்லாரும் ஏதோ ஒண்டு சொல்லித்தான் கேக்கினம், பிள்ளை," என்று சொல்லிக்கொண்டே ஊற்றிக் கொடுத்தார்.

கள்ளு விட்டுக் குழைத்த மாவு பொங்கியது. பெரிய அலுமினியச் சட்டியில் கடல்மணல் பரப்பி, நடுவில் மாத் தகரத்தை வைத்து, மூடிக்கு மேலேயும் சட்டிக்குக் கீழேயும் சிரட்டைத் தணல் போட்டு, கையைக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு பார்த்துப் பார்த்து அவள் சுட்ட அந்தப் பாண்தான் இப்போது விட்டத்தில் நின்றது.

பின்னேரத்துக்குள் ஊர் வந்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, குசினிக்குள் இடம் போதாமல் ஒருவர் தோளுக்கு மேலால் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "ஓம், நிக்குதுதான்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி கிடைக்குமா என்று கொஞ்சம் நின்று பார்த்தார்கள். விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார் ஏணியில் ஏறித் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளுக்குள் காற்றுக் கொஞ்சம் அதிகம், மற்றபடி நல்ல பாண் என்றார். நிவாரண மாவை மக்கள் எப்படிப் பாவித்தார்கள் என்று எழுதிக்கொண்டிருந்த கிராம அதிகாரி விதானையாரின் கடதாசியில் ரொட்டி, பிட்டு, இடியப்பம் என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. அவர் நாலாவதாக ஒரு கட்டம் கீறி அதற்குள் 'மேலே' என்று எழுதிக்கொண்டு போனார். கோயில் ஐயரிடம் கேட்டதற்கு, கள்ளு விட்டதால் சுவாமிக்குப் படைக்க ஏலாது, ஆனால் எழும்பி நிற்பதில் தோசம் ஒன்றும் இல்லை என்றார். மீன்பிடிக்கிற இரண்டு பேர் வலைக்கு மிதவையாகக் கட்டலாமா என்று விசாரித்தார்கள். தண்ணியில் ஊறிப்போகும் என்று தவமலர் சொன்னாள். அது நியாயம் என்று போய்விட்டார்கள். மூன்றாம் வீட்டுப் பத்மாவதி, அதே மார்க்கண்டுவிடம் அதே கள்ளை வாங்கி, அதே அளவு மாவில் தானும் ஒரு பாண் சுட்டாள். அது அம்மிக்குழவிபோல வைத்த இடத்தில் இருந்தது. "என்ர பாணுக்கு என்ன குறை? ஏன் அசையுதில்லை?" என்று தவமலரிடமே வந்து சண்டை பிடித்தாள்.

ஒரு கிழமைக்குள் ஊருக்கு அது பழகிவிட்டது. பழகிவிட்டதற்கு அடையாளமாகக் குறை சொல்லத் தொடங்கினார்கள். பாண் எழும்புவது பிழையில்லை, இன்னும் கொஞ்சம் பதிவாக, கைக்கு எட்ட நின்றால் நல்லது, எல்லா வீட்டிலும் ஏணி இல்லைத்தானே என்று, சொதிக்குப் புளி காணாது என்று சொல்வதுபோலச் சொன்னார்கள்.

வீட்டில் அதை ஏணியில் இருந்துதான் வெட்டினார்கள். விட்டால் போய்விடும் என்பதால், ஒரு துண்டை எடுத்தவர் அதைத் தின்று முடிக்கும்வரை கையில் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். ஒரு கையால் பாண், ஒரு கையால் சம்பல், பேச்சுக்கு இடமில்லை. கனகலிங்கம் மூன்று துண்டு தின்றார்.

"என்னப்பா, எப்பிடி?"

"பேக்கரிப் பாண் மாதிரி இல்லை," என்றார். நாலாவது துண்டையும் எடுத்தார். "நாளைக்கும் போடுவீரோ?"

ஆனால் தவமலருக்கு வேண்டியது அது அல்ல. அவளுக்கு அந்தப் பாணில் ஒரு துண்டு தட்டில் இருக்க வேண்டும், தட்டு வேலிக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். ஊர் முழுக்க வந்து பார்த்த பாணைப் பார்க்க விமலா மட்டும் வரவில்லை. "அந்த வீட்டில இருந்து வாறது எல்லாம் வெறும் காத்துத்தான், பாணும் அப்பிடித்தானே இருக்கும்" என்று கிணற்றடியில் சொன்னாளாம். பத்மாவதி ஒரு சொல்லும் விடாமல் கொண்டுவந்து சேர்த்தாள்.

இரண்டாவது பாண் அடங்கி நிற்கட்டும் என்று தவமலர் உப்பைக் கூட்டிப் போட்டாள். அதுவும் எழும்பியது, கொஞ்சம் யோசித்து எழும்பியது, அவ்வளவுதான். நடுத்துண்டாகப் பார்த்து வெட்டி, நீலக்கரைத் தட்டில் வைத்து, தையல் நூலால் தட்டோடு சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலே ஒரு வெள்ளைத் துணியை மூடிச் சாருகாவின் கையில் கொடுத்தாள்.

"சின்னம்மான்ர கையில குடு. அம்மா தந்தவ எண்டு சொல்லு. வேற ஒண்டும் சொல்லாதை."

பொட்டு அடைபட்டிருந்ததால் சாருகா படலையால் வெளியே வந்து, ஒழுங்கையால் சுற்றி, ஆட்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். புதுப் பாண் மென்மையானது; நூல் அதற்குக் கத்தி. ஒழுங்கை திரும்புகிற இடத்தில் துண்டு நூலுக்குள்ளால் நழுவி, துணியையும் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு சின்னக் கன்னியாஸ்திரியைப்போல எழும்பிப் போய்ப் பனையின் தலையில், வட்டுக்குள் நின்றுகொண்டது. கள்ளு வாங்க வந்த இரண்டு பேர் அதைப் பார்த்தார்கள், அவர்களுக்கு அது புதினமாகப் படவில்லை, சொல்லவும் இல்லை. விமலாவின் வாசலில் சாருகா தட்டை நீட்டியபோது அதில் நாலு சுற்று வெள்ளை நூல் மட்டும் இருந்தது.

விமலா தட்டைப் பார்த்தாள். எனாமல் தெறித்திருந்த இடத்தையும் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஏழு வயது நிரம்பாத ஆதிரை, ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நூல் கட்டி வெறுந்தட்டு அனுப்பிற அளவுக்கு உன்ர கொம்மாவுக்கு நேரம் கிடக்குதோ?"

"சின்னம்மா, பாண் இருந்தது. சத்தியமா இருந்தது."

"கொண்டுபோய்க் குடு, பிள்ளை. உன்னில கோவம் இல்லை."

சாருகா அழுதுகொண்டு திரும்பி வந்தாள். கனகலிங்கம் தட்டை வாங்கி மேசையில் வைத்தார்.

"காணும், விடும்," என்றார். "எத்தினை தரம் மூக்குடைபடுறது? மாவும் முடியப்போகுது."

"இன்னும் ரெண்டு கிலோ கிடக்கு."

"அதுக்கு?"

"அவ்வளவத்தையும் ஒரே பாணாப் போடப்போறன்."

"உமக்கென்ன விசரே?"

"அவ தட்டைப் பாத்தது காணும். இனிப் பாணைப் பாக்கட்டும்," என்றாள் தவமலர்.

அடுத்த நாள் காலையில் மண்ணெண்ணெய்த் தகரத்தை நெடுக்காகப் பிளந்து, மூன்று தரம் மண் போட்டுத் தேய்த்து, மூன்று தரம் வெந்நீர் ஊற்றிக் கழுவி, இருந்த மாவையெல்லாம் ஒன்றாகக் குழைத்து, தோள்மூட்டு நோகும்வரை பிசைந்து, அது பொங்கும்வரை பக்கத்தில் இருந்து, முற்றத்தில் மூன்று கல் வைத்து இரண்டு சாக்குச் சிரட்டையை எரித்து, தகரத்தின் மேல் அம்மிக்கல்லைப் பாரம் வைத்து அவள் அதைச் சுட்டாள். வெந்து முடிந்தபோது அம்மிக்கல் ஆடத் தொடங்கியது. அவள் கல்லை இறக்கி, தலையணை அளவில் வந்த பாணைத் துணி சுற்றி இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வேலியை நோக்கி நடந்தாள். நடந்தாள் என்று சொல்லலாம். கால்விரல்கள் மட்டும் மணலில் இரண்டு கோடு கீறிக்கொண்டு போயின.

"இஞ்சாருங்கோ, பிடியுங்கோ!"

கனகலிங்கம் ஓடிவந்து மற்றத் தலைப்பைப் பிடித்தார். அவருக்கும் குதிக்கால் எழும்பியது.

"விமலா! இஞ்ச வா. தட்டு இல்லை, பாண் கொண்டுவந்திருக்கிறன். வந்து பிடி!"

விமலா அகப்பையோடு வெளியே வந்தாள். வேலிக்கு மேலே, புகை பிடித்த மணத்தோடு, தவிட்டு நிறத்தில் ஒரு பாண் ஏறிக்கொண்டிருந்தது. அதன் கீழே அவளுடைய மூத்தார் கனகலிங்கமும் அவர் மனைவியும் கையைத் தூக்கித் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அகப்பை அவள் கையிலிருந்து விழுந்தது. யோசிக்கிறதுக்கு நேரம் இருந்திருந்தால் அவள் உள்ளே போயிருப்பாள். இருக்கவில்லை. எட்டிப் பிடித்தாள். வாயில் பற்பசை நுரையோடு கிணற்றடியில் நின்ற புவனேந்திரனும், அண்ணனின் கால் நிலத்தை விடுவதைப் பார்த்துவிட்டு, பல்லுப் பிரஸ்ஸை எறிந்துவிட்டு ஓடிவந்து பிடித்தான். நாலு பேரும் பிடித்தபோது பாண் வேலிக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றது. எட்டுக் கையில் இரண்டு கையை எடுத்தாலும் மிச்சப் பேரையும் கொண்டுபோய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் ஒருவரும் எடுக்கவில்லை.

ஆறு வருடத்துக்குப் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தார்கள். பாணின் சூடு துணிக்குள்ளால் கையில் ஏறியது.

"அண்டைக்கு வீட்டில ஒண்டும் இருக்கேல்லை, விமலா," என்றாள் தவமலர்.

"ஒண்டும் எண்டா? ஒரு மிளகாயும் இல்லையோ?"

"இல்லை."

"லொறி ஓடின மனுசன்ர வீட்டிலயோ? ஆருக்குக் கதை சொல்லுறியள் அக்கா?"

அதற்கு மேலே இருந்தது தவமலர் சொல்லக்கூடியது அல்ல. அவள் கணவரைப் பார்த்தாள். கனகலிங்கம் படலையைப் பார்த்தார். அங்கே போவதென்றால் கையை எடுக்க வேண்டும்.

"ஓடேல்லை," என்றார் அவர், பாணைப் பார்த்துக்கொண்டு. "நாலு மாசம் லொறி ஓடேல்லை. கடற்கரையில போய் இருந்திட்டு வாறனான்."

புவனேந்திரன் நுரையைத் துப்பினான். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அண்ணை."

"உனக்குத்தானேடா சொல்லேலாது."

விமலாவின் கழுத்தில் வேர்வை இறங்கியது, அதைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை. "சொல்லியிருந்தா," என்று தொடங்கினாள். பிறகு விட்டுவிட்டாள்.

ஆதிரை இந்த நேரத்தில் உரலைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, பெரியவர்களின் கைகளுக்கு நடுவே துணி விலகியிருந்த ஒரு மூலையைப் பார்த்து, கேட்காமல் கொள்ளாமல் வாயை அகலத் திறந்து கடித்தாள். தோல் முறுகலாக இருந்தது. ஒரு தரம் இழுத்தாள், தலையை ஆட்டி இன்னொரு தரம் இழுத்தாள். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

பாண் கொஞ்சம் பதிந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். சாமான் ஏற்றிய வண்டில் மணலில் பதிவதைப்போல, எட்டுக் கையையும் தன்னோடு இறக்கிக்கொண்டு, பொட்டை அடைத்திருந்த முள்ளுக்கம்பியில் வந்து உட்கார்ந்தது. கம்பி வளைந்து நிலத்தைத் தொட்டது. முதலில் விமலாதான் குனிந்து பார்த்தாள். கடித்த இடத்தில், தேங்காய்ச் சொட்டுப்போல, ஒரு பல் பதிந்திருந்தது. கீழ்வரிசையில் நடுப்பல். அதுதான் முதலில் முளைத்தது.

"அந்தப் பல்லு," என்றாள் விமலா.

அவர்கள் ஒவ்வொரு கையாக எடுத்துப் பார்த்தார்கள். பாண் இருந்த இடத்தில் இருந்தது.

சாருகா கத்தியும் தட்டும் கொண்டுவந்தாள். தவமலர் வெட்டினாள். துண்டு விழுந்த பக்கம் விழுந்து கிடந்தது. பல் இருந்த மூலைத் துண்டை நீலக்கரைத் தட்டில் வைத்து, வளைந்த கம்பிக்கு மேலால் நீட்டினாள். விமலா வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஆண்கள் இருவரும் நின்றபடியே தின்றார்கள். உப்புக் கூட என்று புவனேந்திரன் சொன்னான். அண்ணன் இல்லை என்றார்.

விமலா திரும்பி வர நேரம் எடுத்தது. உள்ளே போத்தல்களைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அவள் வந்தபோது தட்டில் ஒரு பிடி சீனி இருந்தது. ஊரில் சீனியைக் கண்டவர்கள் குறைந்த வருடம் அது. தேத்தண்ணிக்கு எல்லோரும் பனங்கட்டிதான் கடித்தார்கள். தவமலர் தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கிக்கொண்டு குசினிவரை நடந்தபோது, அந்த ஒரு கிழமைப் பழக்கத்தில், சீனியைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே போனாள்.